ஓடையோரத்து நாலு வரிசை

கீழ்ச்சோலை
20-4-1997

அன்பு மகள் பொற்கொடிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் ஆஸ்பத்திரி வேலையைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாரியாத்தாளை வேண்டுகிறேன். அப்பாவுக்குக் கால் எலும்பு கூடிவிட்டது, தடி இல்லாமல் நடக்கிறார். நானும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போன கடிதத்தில் கோவிந்தராஜுலு மாமாவைத் திட்டி எழுதியிருந்தாய், முப்பது குடும்பத்து வாயில் மண்ணைப் போட்டவர் என்று. அப்பா அதைச் சத்தமாகப் படித்தபோது அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் அம்மணி. மருந்து தெளித்தது அவர் இல்லை, நான்தான். போன ஆவணியில் அப்பா கால் முறிந்து கிடந்தபோது காப்பிக்காயில் துளைப்பான் வண்டு விழுந்துவிட்டது, காய்க்குக் காய் ஊசி குத்தினதுபோல் ஓட்டை. நம் முப்பது குடும்பத்துக் காப்பிச் சங்கத்தில் சொன்னபடி சொத்தைக் காயைப் பொறுக்கிக் கொதிநீரில் போட்டுப் பார்த்தேன், ஒற்றை ஆளாய் எத்தனை செடிக்குக் குனிவது. ஓடையோரத்து நாலு வரிசைக்கு மட்டும் என்று பூச்சிமருந்து வாங்கிவந்து அடித்துப்போட்டேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. எல்லார் வீட்டுப் பழமும் ஒரே தொட்டியில் ஊறி ஒரே களத்தில்தானே காய்கிறது, அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

மார்கழியில் சோதனைக்கு எடுத்துப்போன கொட்டையில் மருந்து இருப்பதாக வந்துவிட்டது. மூன்று வருஷம் உரமில்லாமல் மருந்தில்லாமல் காத்திருந்து, கைக்கு வர இருந்த இயற்கைக் காப்பிச் சான்றிதழ் போயிற்று, வாங்க இருந்த வெளிநாட்டுக்காரர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கிணத்துக்கடவில் இருக்கிற தன் மச்சானுடைய தக்காளிக்குக் கோவிந்தராஜுலு மாமா மருந்து வாங்கியதை யாரோ பார்த்திருந்தார்கள், பழி அவர்மேல் விழுந்தது. கூட்டத்தில் தலைவர் ரங்கராஜ் கேட்டதற்கு, ஏனுங்க, எம்பட புள்ளைக மேல சத்தியமுங்க, நான் தெளிக்கலீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவரைச் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். மாசியில் தோட்டத்தை விற்றுவிட்டு சம்சாரம் ராமாமணி அக்காவோடு சோமனூருக்குத் தறி ஓட்டப் போய்விட்டார்.

உன் கடிதத்துக்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை, பங்குனிக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். யாரும் திட்டவில்லை. ரங்கராஜ் மட்டும், இப்பச் சொல்லி என்னங்கக்கா ஆகப்போகுது என்றார், ஒவ்வொருவராய் எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை, தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். இனி யாருக்காகக் காக்க வேண்டும் என்று பாதிப் பேர் மறுபடியும் மருந்து அடிக்கிறார்கள், அந்த வாடை வீட்டுக்குள் வரும்போதெல்லாம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

வெள்ளிக்கிழமை சோமனூர் போனேன். தறிச் சத்தத்தில் மாமாவுக்குக் கேட்கவில்லை, நான்தானுங்க தெளிச்சேன் என்று இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தறியை நிறுத்தினார். ராமாமணி அக்கா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். மாமா அறுந்த நூலை எடுத்து முடிந்துவிட்டு, மலைல மழை பேஞ்சுதுங்களா, நம்ம செடியெல்லாம் பூ எடுத்துருச்சுங்களா என்று கேட்டார். தோட்டத்தை வாங்கினவர் பங்களா கட்டச் செடி முழுவதையும் வேரோடு பிடுங்கிப்போட்டு இருபது நாளாகிறது. எடுத்துருச்சுங்க, வெள்ளையா நிக்குதுங்க என்று சொல்லிவிட்டு வந்து பஸ் ஏறினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழிக்கிற வேலை, உடம்பைப் பார்த்துக்கொள். மாரியாத்தா உன்னைக் காப்பாற்றட்டும், என் பாவம் உன் பக்கம் வராமல் இருக்கட்டும். மாமாவின் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது, மறக்காமல் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் போடு. செடியைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதிவிடாதே.

உன் அம்மா
பூவாத்தாள்