அப்பா எஞ்சினை நிறுத்திய இடம்

யாழ்ப்பாணம் ஆசுபத்திரி
தை 1992

அன்புள்ள மகன் கனிசியசுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் கிருபையால் உன் மனிசி மக்டலீன் சுகம், உனக்குப் பிறந்திருக்கும் பெண்பிள்ளை சுகம், நாங்களும் சுகம். நீ அந்த ஜெர்மனிக் குளிரில் நின்றபடி படிக்காமல் ஓரிடத்தில் இருந்து, சூடாக ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைப் படி ராசா. நாளைக்குக் கொழும்புக்குப் போகிற ஆளிடம் கொடுக்கவேண்டும் என்று வார்டு வாசலில் கிடக்கிற மர வாங்கில் இருந்து அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

போன கடிதத்தில் அப்பாவின் காரை இரும்புக்கு விற்கச் சொல்லி எழுதியிருந்தாய். நானும் குருநகர் வீட்டை விட்டுச் சாவகச்சேரிக்கு வந்த நாள் தொட்டு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தடை போட்டதில் பெற்றோல் இங்கே மருந்துக்கும் இல்லை. மற்றவர்களின் பழைய ஒஸ்ரின் கார்கள் கிளம்புவதற்குக் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டால் போதும், பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடும். அப்பாவின் பேஜோக் காருக்குக் காபரேற்றர் இல்லை, பம்ப் ஒன்று இருந்து எண்ணெயைப் பீச்சி அடிக்கிற சாதி, அது மண்ணெண்ணெயைக் கண்டால் இருமிச் செத்துப்போகும். பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஒஸ்ரின் காபரேற்றரைப் பூட்டச் சொல்லி வாடகைக் கார் ஓடுகிற தம்பிராசா சந்தியில் வைத்துப் பகிடி பண்ணினார். உன் அப்பா விடுகிற ஆளா? என்ரை காருக்கு இன்னொரு காரின்ரை மூக்கைப் பூட்டமாட்டன் என்று சொல்லிவிட்டுக் காருக்குக் கீழே படுத்தவர்தான்.

என்ன செய்தார் தெரியுமா, ஒரு செப்புக் குழாயைப் புகைக்குழாயைச் சுற்றி வளைத்து, மண்ணெண்ணெய் அந்தச் சூட்டில் காய்ந்து பம்புக்குப் போகிற மாதிரிப் பூட்டினார். பம்ப் வறண்டு தேயாமல் இருக்க அதில் கொஞ்சம் எஞ்சின் ஒயிலும் கலந்தார். பிறகு பம்பில் இருக்கிற சின்னத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருகுவார், நான் பின்னால் வெள்ளை லேஞ்சித் துணியைப் புகைக்குழாயில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கரி அப்பினால் எண்ணெய் கூடிப்போச்சாம், எஞ்சின் தும்மினால் குறைஞ்சுபோச்சாம். உந்தக் கண்டறியாத காருக்கு நான் என்ன தோழிப்பெண்ணோ என்று ஏசினேன். பூசைக்குக் கட்டுகிற லேஞ்சி எல்லாம் நாசம். கடைசியில் ஒருநாள் லேஞ்சியில் தேத்தண்ணீர்க் கறை மாதிரி ஒரு மங்கல்தான் இருந்தது, எஞ்சின் நித்திரைப் பிள்ளை மூச்சுவிடுகிற மாதிரி ஓடியது. மனுசன் அழுதுவிட்டார் மகன். நானும்தான்.

நேற்று விடிய மக்டலீனுக்குக் குத்து எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்குது, உடனை பெரியாசுபத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ என்று மருத்துவிச்சி சொன்னாள். கார் கிளம்புவதற்கென்று சேலைன் போத்தலில் வைத்திருந்த பெற்றோல் முழுவதையும் விட்டு அப்பா காரைக் கிளப்பிவிட்டார். மண்ணெண்ணெயில் ஓடுகிற காரைப் பெற்றோல் இல்லாமல் இடையில் நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது. அது அவருக்குத் தெரியாததா? ஆனால் நாவற்குழிச் சந்தியில் அந்தோனியார் சுரூபம் வந்ததும், வாழ்நாள் முழுக்கச் செய்த மாதிரியே காரை ஓரங்கட்டி, திறப்பைத் திருப்பி, எஞ்சினை நிறுத்திப்போட்டு நெற்றியில் சிலுவை போட்டார். போட்ட கை அப்படியே நின்றது. மக்டலீன் பின் சீற்றில் என் கையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். எனக்கு அந்தோனியாரிலும் கோபம் வந்தது, ஏன் பொய் சொல்லுவான்.

சந்தியில் தம்பிராசாவின் ஒஸ்ரின் நின்றது. அவர் ஓடிவந்து மக்டலீனைப் பார்த்தார், போய்த் தன் போத்தலைக் கொண்டுவந்து கடைசிச் சொட்டு வரை எங்கள் காருக்கு ஊற்றினார். இனி உம்மடை கார் கிளம்பாதே தம்பிராசா என்றார் அப்பா. அது கிடக்கட்டும் அண்ணை, உந்தப் பம்ப் என்னதான் செய்யுது எண்டு பாப்பம், எடுங்கோ என்றார். அப்பா காரை எடுத்தார். கைதடியில் தும்மாத கார் நாவற்குழிப் பாலத்திலும் தும்மவில்லை, பறந்தது.

அவளை உள்ளே கொண்டுபோய், வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுக்கவேண்டும் என்றார்கள். மருந்து, ரத்தம் என்று எதற்காவது ஓடவேண்டி வரலாம் என்று அப்பா எஞ்சினை நிறுத்தவே இல்லை, முற்றத்தில் பொனற்றில் கையை வைத்தபடி நின்றார். உள்ளே வாங்கோ என்று கூப்பிட்டேன், நிண்டுதெண்டால் அவ்வளவுதான் என்று தலையை ஆட்டினார். கனநேரத்துக்குப் பிறகு நேர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி விறாந்தைக்குக் கொண்டுவந்தாள். குஞ்சு வாயைப் பிளந்து அழுகிறது. அவருக்கு வாய் தெரிகிறது, எஞ்சின் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. கையைக் காருக்குள் விட்டுத் திறப்பைத் திருப்பினார். கார் நின்றது. முற்றம் முழுவதும் உன் மகளின் குரல்தான் கேட்டது.

கார் இன்னும் அங்கேதான் நிற்கிறது, காகம் எச்சம் போட்டிருக்கிறது. தம்பிராசாவும் தன் காரை நாவற்குழிச் சந்தியிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, வெறுங்காலோடு குளிரில் நிற்காதே. காரை விற்கச் சொல்லி இனி எழுதவேண்டாம். மண்ணெண்ணெய் பம்பின் ரப்பர் வளையங்களைத் தின்றுவிட்டதாம், அப்பா உன்னிடம் வாய்விட்டுக் கேட்கமாட்டார், அங்கிருந்து யாரும் வந்தால் புது வளையங்கள் வாங்கிக் கொடுத்துவிடு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் மகளை நீ கையில் தூக்குகிற நாளையும் தரட்டும்.

உன் அன்பு அம்மா,
சூ. லூர்த்தம்மா