முப்பதாம் நாள் வரும் போன்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. உன் முட்டிவலி குறைந்ததா? எனக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் ராஜமரியாதை. மூன்று நாள் மருந்து போதுமா, ஏழு நாள் வேண்டுமா என்று ஆராய்ச்சியாம். ஊரையே சலித்து என்னைத்தான் பிடித்தார்கள். நாலாம் நாளிலிருந்து தந்தது நிஜ மாத்திரையா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்பது பெரிய டாக்டருக்கே தெரியாது. உன் மகளிடம் சொல், மாமா இல்லாமல் ஆராய்ச்சியே இல்லை என்று. வேலைக்குத் திரும்பிவிட்டேன். மாடி ஏறினால்தான் மூச்சு வாங்குகிறது. அது மாடியின் கோளாறு.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, "முப்பதாம் நாள் போன்ல விசாரிப்போம். நீங்க எடுக்கலைன்னா யாருக்குப் போன் பண்றது?" என்றாள் நர்ஸ்.

"எனக்கா ஆள் இல்ல? எழுதிக்கம்மா" என்று உன் நம்பரைக் கொடுத்தேன்.

அவள் கூப்பிட்டால் பயந்துவிடாதே. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாள். உனக்குப் பதில் தெரிய வேண்டுமே, அதற்கு முன்னால் நீ என்னை ஒரு தடவை கூப்பிடு. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் தம்பி