மறுப்புப் படிவத்தை அனுப்பாதே

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் இருமலும் சுகம். நீயும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் இன்று காலை வந்தது. யாரோ புகார் கொடுத்து உன் இணையக் கடையை மூடிவிட்டார்கள், மறுப்புப் படிவத்தில் நியாயம் கேட்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அனுப்பாதே. காரணம் சொல்கிறேன்.

உன் கடையை மூடியது நான்தான்.

என் வேலையைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. 'என் படத்தைத் திருடிவிட்டார்கள், என் முத்திரையைத் திருடிவிட்டார்கள்' என்று, நீ கடை வைத்திருக்கும் அந்த இணையச் சந்தைக்கு வரும் புகார்களைப் பார்க்கிற முப்பது பேரில் நான் ஒருத்தி. ஒரு புகாருக்கு இரண்டு நிமிடம். விற்பவர் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். சேர்ந்த புதிதில் சந்தேகப்பட்டு ஒன்றை நிறுத்தி வைத்தேன். எங்கள் மேற்பார்வையாளருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்திருக்கிறோம். உன்னை என்ன ஜட்ஜ் வேலைக்கா எடுத்தோம், புகார்ப் படிவத்துல கட்டமெல்லாம் நிரம்பியிருந்தா கடையைத் தூக்கு, அடுத்ததுக்குப் போ என்றார். அன்றிலிருந்து தூக்குகிறேன். பெரிய கம்பெனி வக்கீல் ஒரே நாளில் இருநூறு சின்னக் கடைகள் மேல் எழுதுவார். அதையும் தூக்குவோம்.

போன செவ்வாய்க்கிழமை குழந்தைக் கவுன் படங்கள் ஆறு வந்தன. சின்னவள் போட்டுக்கொண்டு திரிந்த மஞ்சள் கவுனும் அதில் இருந்தது. எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு நிமிடத்தில் கண் படத்தைப் பார்க்காது அக்கா, கட்டத்தைத்தான் பார்க்கும்.

நீ எழுதியிருந்த கடை எண்ணை வைத்துத் தேடி, இன்று மதியம் அந்தப் புகாரை மறுபடி திறந்தேன். ஏதோ ஒரு ஸ்டுடியோ பெயரில் இருந்தது. கீழே இருந்த போன் நம்பர் அத்தானுடையது. நீ விட்டுவிட்டு வந்த வீட்டில், அவர் கேமராவில் எடுத்த படங்கள். எடுத்தது அவர் என்பதால் சட்டமும் அவர் பக்கம்தான் பேசும். தைத்தது யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆனால் அவருக்கு வேண்டியது படம் இல்லை, உன் முகவரி. மறுப்புப் படிவத்தில் உன் முழுப்பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எழுத வேண்டும். வழக்குப் போட வசதியாக அது அப்படியே புகார் கொடுத்தவருக்குப் போய்விடும். அதுதான் விதி. நடுவில் நிறுத்த எனக்குப் பொத்தான் இல்லை. இதுவரை எத்தனை பேர் வாசலை எவனெவனுக்குக் காட்டிக் கொடுத்தேனோ. என்னிடம்கூட நம்பர் சொல்லாமல் இரண்டு வருஷமாகத் தபாலிலேயே பேசுகிறாயே, அத்தனையும் வீணாகிவிடும்.

உனக்கு வயிறு எரியும். முந்நூறு பேர் பாராட்டி எழுதிய கடை. அடித்தவன் நிமிர்ந்து நடக்கிறான், நான் ஏன் வாயை மூட வேண்டும் என்று கேட்பாய். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று நீ திட்டுகிற நானே சொல்கிறேன், இந்த ஒரு தடவை தோற்றுப்போ. வேறு பெயரில் தொடங்கலாம். படம் எடுக்க நான் வருகிறேன்.

முடிந்த புகாரைத் திறந்தது யார் என்பது கம்ப்யூட்டரில் பதிவாகும். ஸ்டாப்வாட்ச் கூப்பிட்டுக் கேட்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

கூரியர்காரர் நாளைக் காலை சேர்த்துவிடுவேன் என்கிறார். அதற்குள் படிவத்தை அனுப்பியிருந்தால், என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சின்னவளோடு என் அறைக்கு வந்துவிடு. சாவியைப் பக்கத்து அறை நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன். உன் பெயரைச் சொல்ல வேண்டாம், அக்கா என்று மட்டும் சொல், போதும்.

உன் தங்கை