பூனைக்குத் திறந்த கதவு

செல்லக்குட்டி,

உன் பூனை நலம். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

நீ படிக்கப் போனதிலிருந்து அது வெளியே போகணும் என்று கதவைப் பிராண்டி அழுதது. சாப்பாட்டுக்கு முன் கயிற்றை ஆட்டி விளையாட்டுக் காட்டச் சொன்னாயே, அதில் அடங்கியது. போன வாரம் தெருவில் கலவரம் வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தையல்காரரை ஒரு கும்பல் தெருவில் இழுத்துப் போட்டு இரும்புக் கம்பியால் அடித்தே கொன்றது. அவர் மனைவி நம் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தாள். அம்மா பூனையை மடியில் வைத்துத் தடவினாள், கயிற்றைக் காட்டினாள். அது வீறிட்டது.

"உள்ள யாரோ அழுறாங்கடா, கதவ உடை!" என்று வாசலில் கும்பலில் ஒருவன் கத்தினான்.

நானே திறந்தேன். பூனை அவர்கள் காலுக்கிடையில் பாய்ந்து ஓடியது.

"பூனைங்க. வெளிய போகணும்னு கத்துது," என்றேன்.

"இதுக்காடா இவ்ளோ சத்தம்?" என்று ஒருவன் கம்பியை ஓங்கினான். என் வலது கையில் விழுந்தது. சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

தையல்காரர் மனைவி தன் அண்ணன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். பூனை அன்று மாலையே திரும்பி வந்தது. பாதமெல்லாம் ரத்தம். அதன் ரத்தம் இல்லை.

இப்போது தெரு அமைதியாக இருக்கிறது. அம்மா கதவை அகலத் திறந்து வைத்து, "போடா ராஜா, போய்ட்டு வா" என்று கெஞ்சுகிறாள். அது வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நீ இப்போதைக்கு வராதே.

உன் அப்பா