கட்டைவிரலுக்கு மட்டும் சிவப்பு

என் அருமை வாயாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய குறட்டை எங்கள் இருவரையும் விட நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போட்டோவைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் வலது கட்டைவிரலுக்கு மட்டும் எதற்கம்மா சிவப்பு நகச்சாயம், மற்ற ஒன்பதும் என்ன பாவம் செய்தது என்று கேட்டிருந்தாய். வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இரு என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் ஒரே பதில்தான், பொறுமையாகப் படி.

முலாம் பூசும் பட்டறையை விட்டுப் புதுப் பட்டறைக்குப் போனேன் இல்லையா, மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்வேன் என்றார் முதலாளி. ஆள் நெட்டை, நாங்கள் வைத்த பெயர் கொடிக்கம்பம். அங்கே வேலை உலோகக் கண்ணாடியில். பெயர்தான் கண்ணாடி, பார்த்தால் பளபளவென்று தகடு. உலோகத்தை உருக்கிக் கண்மூடித் திறப்பதற்குள் குளிரவைத்தால், உள்ளே இருக்கும் அணுவெல்லாம் வரிசையில் நிற்க நேரமில்லாமல் நின்றது நின்றபடி உறைந்துபோகுமாம். உன் கல்யாண போட்டோவில் நம் சொந்தக்காரர்கள் நிற்கிறார்களே, அந்த மாதிரி. அதில்தான் அதன் பலமே. சூடு பட்டால் வரிசைக்கு வந்து நொறுங்கிப்போகும், அதனால் சூடு கிளப்பும் மிஷின் எதுவும் ஆகாது. உப்புத் தண்ணீரை ஓடவிட்டு, நாணயம் அளவுத் தகட்டை ப்ளஸ்ஸிலும் முடி போன்ற ஊசியை மைனஸிலும் மாட்டி, இரண்டும் தொடாமல் மெல்ல நகர்த்தினால், ஊசி போகும் வழியில் தகடு கரைந்து குட்டி வாய்க்கால் விழும். ரத்தப் பரிசோதனைக் கருவிக்காம், ஒரு சொட்டு ரத்தம் அதில் ஓடுமாம்.

இப்போது கூத்தைக் கேள். முலாம் பட்டறையில் பதினெட்டு வருடம் சாமானை மைனஸில் மாட்டிய கை இது, அங்கே அப்படி மாட்டினால்தான் முலாம் படியும். போன மாதம் ஒரு செவ்வாய், கொடிக்கம்பம் பல்வலி என்று டாக்டரிடம் போன நேரம், கை என் மூளையைக் கேட்காமல் தகட்டை மைனஸில் மாட்டிவிட்டது. நான் பாட்டு முணுமுணுத்தபடி பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன், தகட்டில் ஒரு கீறல் இல்லை, ஊசிதான் சப்பின குச்சி ஐஸ் மாதிரி குட்டையாகிக்கொண்டே போகிறது. இருந்ததே அந்த ஒரு ஊசி. தகடு வாங்க ஆள் வருவது வெள்ளிக்கிழமை, என் மூன்று மாதம் முடிவதும் அதே வெள்ளிக்கிழமை. பக்கத்து மேஜை சோடாபுட்டி, கரண்ட் ஏறி இறங்குச்சுன்னு சொல்லிடுங்கக்கா என்று காதில் ஓதினான். சொல்லத்தான் நினைத்தேன், உன் அம்மாவுக்குப் பொய் புதிதா? ஆனால் கொடிக்கம்பம் ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே பொய் சொல்ல எனக்கு வராது. நான்தான் சார் மாத்தி மாட்டிட்டேன், பழகின கை என்றேன். அவர் மிச்ச ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு கன்னத்தைப் பிடித்தபடி, கம்பியை ஊசியா மெலிய வைக்கிறதே இப்படி மாத்தி மாட்டித்தாம்மா, நீங்க நிறுத்தாம விட்டுட்டீங்க, தடிச்ச கம்பி இருக்கு, வெள்ளிக்குள்ள நீங்களே ஒண்ணு செஞ்சு குடுங்க என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து புலம்பினதும், உங்கப்பா நீ விட்டுப்போன நகச்சாயத்தைத் தேடி எடுத்து என் கட்டைவிரலில் தடவி, ப்ளஸ் ஒயர் சிவப்பு, சிவப்பு விரல்தான் தகட்டுக்கு என்றார். முப்பது வருடத்தில் அவர் எனக்குச் செய்த ஒரே அலங்காரம், அதையும் சுவருக்குப் பூசுவது போல விரல் முழுக்கப் பூசினார். மறுநாள் முதல் கம்பியை அவசரப்பட்டு நிறுத்தினேன், கேரட் மாதிரி தடியாக நின்றது. இரண்டாவது கரைந்து காணாமலே போனது. மூன்றாவதைத் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு சரியான நேரத்தில் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை அந்த ஊசியில் வெட்டின வாய்க்காலில் ஒரு சொட்டு சாயத் தண்ணீர் எங்கும் நிற்காமல் ஓடி மறுமுனையில் எட்டிப் பார்த்தது. இனிமே ஊசி செய்யறது உங்க வேலை என்றார் கொடிக்கம்பம். அந்த மூணு மாசம் என்ன ஆச்சு சார் என்றேன். எந்த மூணு மாசம் என்றார்.

ஆகவே வேலையை விடுவதாக இல்லை கண்ணே. லீவு கிடைத்ததும் பதினைந்து நாள் வருகிறேன். உன் சமையலுக்குப் பத்து நாளே அதிகம், மிச்சம் ஐந்து பாசத்துக்கு. நீங்கள் இருவரும் நீண்ட காலம் சண்டை போட்டுச் சேர்ந்தே இருக்க என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய், நகச்சாயம் அடி ஒட்டிவிட்டது, சிவப்பு ஒரு பாட்டில் அனுப்பு. பெரியதாக அனுப்பு, நிறைய வருடம் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்பது விரல் சும்மா இருக்கும் உன் அம்மா