இருபத்தேழாம் எண் பவளம்

வளப்பூர் நாடு, கொல்லிமலை
3 மார்ச் 2024

என் அருணா அக்காவுக்கு,

போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். எனக்கு மிஞ்சுவது "சாப்ட்டியா கண்ணு" மட்டும்தான். அதனால் கடிதமே நல்லது.

நீ அனுப்பிய பழைய நிற அட்டை வந்துவிட்டது. ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது; நக்கிப் பார்த்தேன். வெளிறிய ஒன்றிலிருந்து கரும்பழுப்பான ஆறு வரை கட்டங்கள். தண்ணீருக்கடியில் இதைப் பவளத்தோடு ஒட்டிப் பிடித்து, நிறம் பொருந்தும் எண்ணை எழுதிக்கொள்வோம் என்றாயே, அதிலிருந்து நானும் எல்லாவற்றையும் அளக்கிறேன். கேழ்வரகுக் களி ஐந்து. பலாச்சுளை எதிலும் சேரவில்லை. அப்பாவின் கழுத்து ஆறு, சட்டைக்குள்ளே மூன்று. "ஏஞ்சாமி, என்னைய விலை பேசப் போறியா?" என்று கேட்டார்.

தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை தீவு தீவாக முந்நூறு பவளங்களுக்கு எண் கொடுத்திருக்கிறீர்கள். அதில் இருபத்தேழாம் எண் எனக்கு என்று சொன்னதை மறந்துவிடாதே.

இன்று காலை மலை முழுக்கப் பனி. காளப்பநாயக்கன்பட்டி பஸ் வளைவு வளைவாக அதற்குள் இறங்கியது. முதலில் சக்கரம் மறைந்தது, பிறகு ஜன்னல், கடைசியில் மேலே கட்டியிருந்த மிளகு மூட்டை. நீயும் கடலுக்குள் இப்படித்தான் இறங்குவாய் என்று நினைத்துக்கொண்டேன். ஹாரன் சத்தம் மட்டும் குமிழி குமிழியாக மேலே வந்தது.

செப்டம்பரில் உன் வேலை ஒப்பந்தம் முடிகிறதாம். திரும்பக் கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. உன் கட்டிலில் நான் படுப்பதில்லை. என் புத்தகங்கள்தான் படுத்திருக்கின்றன.

சத்யா


மண்டபம்
20 மே 2024

சத்யா கண்ணு,

கடல் சுடுகிறது. குளிக்க விளாவி வைத்த தண்ணீருக்குள் இறங்குவது போல் இருக்கிறது.

உன் இருபத்தேழைப் பார்த்தேன். மார்ச்சில் ஐந்து. இப்போது ஒன்று. படம் இதோடு வைத்திருக்கிறேன். வேறொன்றும் எழுத வரவில்லை. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

அருணா


வளப்பூர் நாடு
18 ஜூன் 2024

அக்கா, அக்கா, அக்கா!

ஐந்தாம் ரேங்கில் இருந்த இருபத்தேழு முதல் ரேங்குக்கு வந்துவிட்டதே! இதைப் போய் இரண்டு வரியில் எழுதியிருக்கிறாய். நான் கணக்கில் முதல் ரேங்க் வாங்கியிருந்தால் இந்நேரம் ஊரையே எழுப்பியிருப்பேன்.

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன வெள்ளை! ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு ஊடு வெள்ளையடித்த மறுநாள் காலையில் இருக்குமே, அந்த வெள்ளை. கடலுக்கடியில் யாரோ நோம்பிக்கு வெள்ளையடித்துவிட்டு விருந்தாளிக்காகக் காத்திருப்பது மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அதையே சார்ட்டில் பெரிதாக வரைந்தேன். சுற்றிலும் நீலம், நடுவில் வண்ணமே தீட்டாமல் தாளை அப்படியே விட்டேன். கீழே 'முதல் ரேங்க் பவளம்' என்று எழுதினேன். முதல் பரிசு கிடைத்தது! ஆபீஸ் ரூமில் மாட்டியிருக்கிறார்கள். அம்மாகூட வந்து பார்த்தாள். "மலையில பொறந்த புள்ளைக்குக் கடல்ல என்ன வேலைன்னு கேட்டனே, ஏதோ நல்லாத்தான் பாத்துக்கறா போல" என்றாள். அம்மா வாயிலிருந்து இது வந்தது, தேதி போட்டு வைத்துக்கொள்.

முதல் ரேங்க்கின் சொந்தக்காரி,
சத்யா


மண்டபம்
2 ஜூலை 2024

கண்ணு,

உன் கடிதத்தைப் படகிலே படித்தேன். பதில் எழுத ஒரு வாரம் ஆனது. அட்டையை அனுப்பினேனே தவிர எந்தப் பக்கம் நல்லது என்று நான் எழுதவே இல்லை. தப்பு என்னுடையது.

ஒன்றுதான் கடைசி, சத்யா. பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அதுதான் நிறம், அதுதான் சோறு. தண்ணீர் சுட்டால் பவளம் அதை வெளியே தள்ளிவிடும். அப்புறம் தெரியும் வெள்ளை அதன் எலும்பு. இன்னும் உயிர் இருக்கிறது, ஆனால் பட்டினி. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரலாம். வராமலும் போகலாம்.

தீவுக்குத் தீவு ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதுகிறேன். எழுதுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நேற்று இருபத்தேழிலும் ஒன்றுதான். செப்டம்பரோடு போதும். ஊருக்கே வந்துவிடுகிறேன். நீ கேட்டதுதானே? அம்மாவிடம் சொல்லிவிடு.

அருணா


வளப்பூர் நாடு
6 ஆகஸ்ட் 2024

அக்கா,

நோம்பி முடிந்தது. நீ வருகிறாய் என்றதும் அம்மா சுவரை இரண்டு தடவை வெள்ளையடிக்க வைத்தாள். அந்த வெள்ளையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். உன் கட்டிலில் இருந்த புத்தகங்களை இறக்கி வைத்தேன். மூன்றாம் நாள் அம்சவேணி டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பரிசைத் திருப்பிக் கொடுத்தேன். "படத்துக்குத்தான் பரிசு புள்ள, பவளம் வாங்கின ரேங்குக்கு இல்ல" என்று அவர் வாங்கவில்லை. அதனால் ஆபீஸ் ரூமில் ஸ்டூல் போட்டு ஏறி, சார்ட்டில் 'முதல் ரேங்க்' என்பதை அடித்துவிட்டு, 'பசியோடு இருக்கிறது, 20 மே' என்று எழுதினேன்.

நான் ஆறாவது படிக்கும்போது டைபாய்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீ காலேஜ் போகாமல் பதினோரு நாள் பக்கத்திலேயே இருந்தாய். மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்து என் நோட்டில் எழுதினாய். காய்ச்சலை இறக்கியது மாத்திரைதான், நீ இல்லை. ஆனால் நான் கண் திறந்தபோதெல்லாம் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தேழுக்குக் கண் கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதற்கு அடுத்த எண்ணை யார் எழுதுவார்கள்? புதிதாக வருகிறவர்களுக்கு அது என்னுடையது என்று தெரியாதே.

கையெழுத்துப் போட்டுவிடு, அக்கா. அம்மாவிடம் நான் பேசிவிட்டேன். அவள் அழுதாள். அப்பா, "போவட்டும் விடு, அங்கயும் ஒண்ணு காயலா கெடக்குதாமா" என்றார்.

புத்தகங்களைத் திரும்பக் கட்டிலில் அடுக்கிவிட்டேன். இறக்கியதைவிட அடுக்கத்தான் நேரமானது.

சத்யா


மண்டபம்
3 அக்டோபர் 2024

கண்ணு,

கையெழுத்துப் போட்டேன். உன் இருபத்தேழுக்குப் பக்கத்தில் இருந்த இருபத்தாறு செத்துப்போய்விட்டது. இருபத்தெட்டும் போய்விட்டது. இரண்டின் மேலும் வேறு பாசி, செத்ததன் மேல் வளர்வது, பச்சையாகப் படர்ந்திருக்கிறது.

இருபத்தேழில் அட்டையை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். காற்று தீரப்போகிறது என்று கூட வந்தவர் தோளைத் தட்டும்வரை பார்த்தேன்.

உன் கணக்குப்படி ஒரு ரேங்க் இறங்கிவிட்டது, சத்யா. இரண்டு. அம்மாவை ஏதாவது இனிப்பு செய்யச் சொல்.

அருணா