நூற்றுக்கு நாற்பத்தொன்று

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
10.3.1996

அன்புத் தங்கச்சி குணேஸ்வரிக்கு,

உன் மச்சாள் பூரணமும் நானும் நலம். பெர்த்தில் நீயும் ஜெயராஜும் குட்டி மருமகன் சேந்தனும் எப்படி? இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. போனையும் அவசரமாக வைத்துவிடுகிறாய்.

இங்கே ஒரு வேடிக்கை. என்னைப் போல இரத்தம் உறையாத ஹீமோபிலியாக்காரர்கள் எப்படி வாழ்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். நர்ஸ் புஷ்பவல்லி மிஸ்ஸிதான் கேள்வி கேட்டார்.

"அண்ணே, போன மாசம் வலி எப்படி? ரொம்பவா, கொஞ்சமா?"

"எந்த முட்டிக்கு மிஸ்ஸி?"

"சும்மா சொல்லுங்கண்ணே, வெளிய எத்தனை பேரு நிக்கிறாங்க லா!"

மாடிப்படி ஏற முடியுமா என்று ஒரு கேள்வி, மூன்றாம் மாடியில் குடியிருப்பவனிடம்! கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பத்தொன்று. கணக்குப் பாடத்தில்கூட நான் இதைவிட அதிகம் வாங்கியிருக்கிறேன்.

உன் அண்ணன்,
சிவசம்பு

பெர்த்
2.4.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஜெயராஜ் சிரித்தார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சேந்தனுக்கும் அதே நோய்தான், அண்ணா. நடை பழகத் தொடங்கியதும் உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்றியது. ஜனவரியில் உறுதி செய்தார்கள். அம்மாவிடமிருந்து எனக்கு வந்து, என்னிடமிருந்து அவனுக்குப் போயிருக்கிறது. உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

வீடு முழுக்க மெத்தை விரித்திருக்கிறேன். அப்படியும் அவனைத் தரையில் விடப் பயம். இதனாலேயே இவருக்கும் எனக்கும் தினமும் சண்டை.

நீங்கள் முட்டி வீங்கிக் கதறியதும், அம்மா ஐஸ் வைத்ததும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆறுதல் வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள். அந்த நாற்பத்தொன்றுதான் அவனுக்குமா?

குணேஸ்

பிரிக்பீல்ட்ஸ்
15.4.1996

குணேஸ்,

வலது முழங்கை வீங்கிக் கிடக்கிறது. நான் சொல்லச் சொல்லப் பூரணம் எழுதுகிறாள்.

இத்தனை நாள் மறைத்தாயே, அதுதான் பொறுக்கவில்லை.

உண்மை கேட்டாய். வலி இருக்கும். ஐந்தாம் படிவப் பள்ளி இறுதிப் பரீட்சையின்போது நான் கட்டிலில் கிடந்தது உனக்கே தெரியும். ஆனால் என் முட்டிகள் கெட்டது இரத்தத்தை உறையவைக்கும் ஊசி மருந்து இல்லாத காலத்தில். மருந்து வந்தபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. சேந்தனுக்கு அது இப்போதே இருக்கிறது. என் மதிப்பெண்ணை அவனுக்குப் போடாதே.

மிஸ்ஸி ஒன்றைக் கேட்கவில்லை: உன்னை யாராவது விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்களா? வாசலில் உட்கார்ந்து மற்றவர்கள் பந்தடிப்பதைப் பார்த்தது முட்டி வலியைவிட மோசம். விளையாட விடாத அம்மாமேல் கோபமில்லை, அவர் பயந்தார். நீயும் பயப்படு. ஆனால் அவனை இறக்கி விடு.

அண்ணன்

(உன் மச்சாள் எழுதுவது: இதைச் சொல்லும்போது உன் அண்ணா அழுதார். எழுதாதே என்றார், எழுதிவிட்டேன். இவரோடு நான் வாழ்ந்த வாழ்வுக்கு மதிப்பெண் கேட்டால் நாற்பத்தொன்று என்று சத்தியமாகச் சொல்லமாட்டேன். – பூரணம்)

பெர்த்
9.6.1996

அன்பு அண்ணா,

நேற்று கிளினிக்கில் நர்ஸ் பக்கத்தில் நிற்க, சேந்தனுக்கு நானே ஊசி போட்டேன். ஜெயராஜ் அவனைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை நரம்பு தப்பியது, இரண்டாவதில் கிடைத்தது. அழுது முடித்துப் பிஸ்கட் கேட்டான்.

வீட்டுக்கு வந்து புல்தரையில் விட்டேன். விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஓடவில்லை.

அந்தக் கிளினிக்கில் நாங்கள் பார்ப்பதெல்லாம் குழந்தைகள்தான். இந்த நோயோடு தலை நரைத்த ஒருவரை அவன் பார்க்க வேண்டும். நானும் பார்க்க வேண்டும். வருவீர்களா?

குணேஸ்

பிரிக்பீல்ட்ஸ்
21.7.1996

குணேஸ்,

பாஸ்போர்ட் வந்துவிட்டது. மருந்தை ஐஸ் பெட்டியில் கையோடு கொண்டுபோக டாக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார். கிளாங்கில் வாங்கிய முறுக்கு உடையாமல் வர வேண்டுமே என்று பூரணத்துக்குக் கவலை, நான் உடையாமல் வர வேண்டுமே என்று எனக்கு.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்கு ஒத்துக்கொண்டேன். ஆனால் கடைசிக் கதவுக்கு முன்னால் எழுந்துவிடுவேன். நொண்டிக்கொண்டுதான் வருவேன், நேரமும் ஆகும். என்னைத் தாங்க நீ ஓடி வராதே. அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

அண்ணன்